படிக்கும்போதே தொழில் தொடங்க நினைக்கும் மாணவருக்குக் கல்லூரி என்ன செய்யும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பொறியியல் கல்லூரியின் தொழில்முனைவோர் மையத்துக்குப் பல ஆண்டுகள் பொறுப்பாசிரியராக இருந்தேன். மதிய இடைவேளையில் அறை வாசலில் தயங்கி நின்று மாணவர்கள் கேட்ட கேள்விகளும், அவர்களின் பெற்றோர் தொலைபேசியில் கேட்ட கேள்விகளும்தான் இங்கே இருக்கின்றன. பதில்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

எங்கள் கல்லூரியில் தொழில்முனைவோர் மையம் இருக்கிறது. அது உண்மையிலேயே உதவுமா, பெயருக்குத்தானா?

பெயர்ப்பலகையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. 2018-இல் மத்திய அரசின் கல்வித் துறை, கல்லூரிதோறும் புத்தாக்கக் கழகம் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஐ.ஐ.சி. என்ற எழுத்துகளைச் சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். ஆண்டு முழுவதும் நடத்திய நிகழ்ச்சிகளைப் பொறுத்து இந்தக் கழகங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு உண்டு. எனவே பல கல்லூரிகள் நிகழ்ச்சி நடத்துவதில் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டன. குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குழுப் புகைப்படம், அறிக்கை பதிவேற்றம்: அத்தோடு வேலை முடிந்தது. மறுநாள் ஒரு மாணவர் கடைசல் இயந்திரத்தைத் தொட வேண்டுமென்றால் நான்கு கையெழுத்து வேண்டும்.

உங்கள் மையம் எந்த வகை என்று அறிய மூன்று கேள்விகள் போதும். கடந்த இரண்டு ஆண்டுகளில் நம் மாணவர்கள் தொடங்கிய தொழில்களில் இன்றும் நடப்பவை எவை? மாலை ஐந்து மணிக்குப் பிறகு பணிமனைச் சாவி யாரிடம் இருக்கும்? புத்தாக்க நிதியிலிருந்து சென்ற ஆண்டு எந்த மாணவர் குழுவுக்குப் பணம் போனது? இரண்டுக்காவது நேரான பதில் கிடைத்தால் அந்த மையத்தை நம்பிப் போகலாம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். அடுத்த பதிலில் இருப்பவற்றை அந்தக் கல்லூரியிடமும் கேட்கலாம்.

கல்லூரியிடம் என்னவெல்லாம் கேட்கலாம்?

பெரும்பாலான மாணவர்கள் பணம் கேட்டுத்தான் வருகிறார்கள். கல்லூரியிடம் மிகக் குறைவாக இருப்பதும் மிகத் தாமதமாக வருவதும் அந்தப் பணம்தான். கேட்டால் உடனே கிடைக்கக்கூடியவை வேறு. 2019-இல் மத்திய அரசு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான தேசியப் புத்தாக்க, புத்தொழில் கொள்கையை வெளியிட்டது. இது சட்டம் அல்ல, வழிகாட்டி. ஒவ்வொரு கல்லூரியும் தன் நிர்வாகக் குழுவில் வைத்து ஏற்றுக்கொள்ள வேண்டும். பல கல்லூரிகள் ஏற்றுக்கொண்டு தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. ஆனால் அதைப் படித்த மாணவரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

அந்தக் கொள்கை சொல்வதைக் கேளுங்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட், மினி ப்ராஜெக்ட், செமினார், கோடைக்காலப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பதிலாக மாணவர் தன் தொழில் முயற்சியையே எடுத்துக்கொள்ளலாம். அந்த உழைப்புக்கு மதிப்பெண் அலகுகள் (கிரெடிட்) வழங்கலாம். ஒரு செமஸ்டரோ ஓர் ஆண்டோ விடுப்பு எடுத்துத் தொழிலைக் கவனித்துவிட்டு, திரும்பி வந்து படிப்பை முடிக்கலாம். உரிய அனுமதியோடு கல்லூரி முகவரியிலேயே நிறுவனத்தைப் பதிவு செய்யலாம். வளாகத்துக்குள் சில காலம் தங்கவும் இடம் தரலாம். கல்லூரி தன் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்தது 1 சதவீதத்தைப் புத்தாக்கத்துக்கென்று ஒதுக்க வேண்டும்.

இவற்றில் பொன்னானது முதலாவதுதான். இறுதியாண்டில் ஒரு மாணவர் ப்ராஜெக்டுக்காகச் செலவிடும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். கடையில் விலைக்கு வாங்கிய பழைய ப்ராஜெக்டை மேசையில் வைத்துவிட்டு அந்த மாதங்களை வீணாக்குகிறவர்கள் எத்தனை பேர்! அதே மாதங்களில், அதே ஆய்வுக்கூடத்தில், வழிகாட்டும் ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் சொந்தப் பொருளின் முதல் மாதிரியைச் செய்துவிடலாம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் நிரல் திருவிழாவும் இறுதியாண்டு ப்ராஜெக்டை நிஜமான சிக்கல்களோடு இணைக்க வந்ததுதான். தொழில் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தங்களுக்குத் தீர்வு வேண்டிய சிக்கல்களை அதில் முன்வைக்கின்றன. ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுக்கும்போதே அதற்குக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால்?

மேலே சொன்ன கொள்கையில் இதற்கும் இடம் இருக்கிறது. தொழில் முயற்சியில் இருக்கும் மாணவரின் வருகைப்பதிவு குறைந்தாலும், கல்லூரியின் அனுமதியோடு தேர்வு எழுத விடலாம் என்கிறது. ‘அனுமதியோடு’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த அனுமதியை நாள்கள் போன பிறகு கேட்டால் கிடைக்காது, செமஸ்டர் தொடக்கத்திலேயே வாங்கி வைக்க வேண்டும். தேர்வுக்கட்டணம் கட்டும் வாரத்தில் கண்ணீரோடு வந்த ஒரு மாணவருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போனது. அவர் உண்மையாகவே திருப்பூரில் வாடிக்கையாளர்களைப் பார்க்கப் போயிருந்தார். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எங்களிடம் இல்லை. அந்த ஒரு செமஸ்டர் அவருக்குப் போனது இன்றும் என்னை உறுத்துகிறது.

பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரி என்றால் முதல்வர் மட்டும் நினைத்தால் போதாது, பல்கலைக்கழக விதியையும் பார்க்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் இது எளிது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் பத்தாண்டுகளுக்கு முன்பே மாணவத் தொழில்முனைவோருக்கு வருகைப்பதிவில் 20 சதவீதமும் கருணை மதிப்பெண்ணாக 4 சதவீதமும் தரும் முடிவை அரசே எடுத்தது. இங்கும் அப்படி ஒரு தெளிவான அரசாணை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு துறைத் தலைவரின் மனநிலையையும் நம்பி ஒரு மாணவர் தொழில் செய்ய முடியாது.

முதலில் கம்பெனியைப் பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டாம். முதல் வாடிக்கையாளர் காசு கொடுக்கும்வரை பிரைவேட் லிமிடெட் தேவையே இல்லை. பதிவு செய்துவிட்டால் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை உண்டு, கம்பெனிப் பதிவாளரிடம் படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுக் கணக்குப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். மேடையில் ‘சி.இ.ஓ.’ என்று அழைக்கப்பட வேண்டும் என்பதற்காகப் பதிவு செய்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளத்தில் அந்தக் கட்டணத்தைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

தொடக்கத்துக்கு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு போதும். ஆதாரை வைத்து அரசு இணையதளத்தில் செய்யலாம், முழுக்க இலவசம். காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்களுடையவை. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு கட்டாயம், விடுதி அறையில் செய்து விற்றாலும்தான். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரமோ முதலீடோ தேவைப்படும் நாளில் கம்பெனி, எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) அல்லது பதிவு பெற்ற கூட்டாண்மை என ஏதாவது ஒரு வடிவத்துக்கு வந்தாக வேண்டும். தனி உரிமையாளர் தொழிலுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது.

இன்குபேஷன் மையம் என்பது என்ன? எங்கள் கல்லூரியில் அது இல்லையே?

அரசு ஆவணங்கள் ‘வளர்காப்பகம்’ என்று எழுதும். நல்ல பெயர்தான். இடம், இயந்திரம், இணையம், கணக்காளர், வழக்கறிஞர், அந்தத் துறையில் நொந்து நூலான அனுபவசாலிகள் என எல்லாம் ஒரே கூரையின் கீழ் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் இடம் அது. இப்போது வந்த மோகமும் அல்ல. திருச்சியில் டிரெக்-ஸ்டெப் 1986-இலேயே தொடங்கியது. கோவையில் பி.எஸ்.ஜி.-ஸ்டெப் 1998-இல், வேலூரில் வி.ஐ.டி.யின் மையம் 2003-இல். சென்னை ஐ.ஐ.டி.யின் இன்குபேஷன் செல் 2013 முதல் இயங்குகிறது. அங்கேயே மாணவர்களின் யோசனைகளைத் தொடக்க நிலையிலேயே தாங்கிப் பிடிக்க ‘நிர்மாண்’ என்ற அமைப்பும் இருக்கிறது.

உங்கள் கல்லூரியில் இல்லை என்பது பெரிய தடை அல்ல. இந்த மையங்களில் பலவும் வெளிக் கல்லூரி மாணவர்களையும் எடுத்துக்கொள்கின்றன. திண்டுக்கல்லில் படிப்பவர் திருச்சிக்கோ கோவைக்கோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு உங்கள் துறைத் தலைவரின் ஒரு பக்கப் பரிந்துரைக் கடிதம் இருந்தால் வேலை எளிதாகும். கடிதம் எழுத எந்தக் கல்லூரிக்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. சென்னை ஈக்காட்டுதாங்கலில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் பல மாவட்டங்களில் பயிற்சிகள் நடத்துகிறது. உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் அடுத்த பயிற்சி எப்போது என்று சொல்வார்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

யோசனை மட்டும் இருக்கும் நிலை, மாதிரி செய்ய வேண்டிய நிலை, வியாபாரம் ஓடத் தொடங்கிய நிலை என மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு.

முதல் நிலைக்கு வெளிப் பணம் தேடாதீர்கள், கைக்காசும் கல்லூரியின் புத்தாக்க நிதியும் போதும். மாதிரி செய்ய மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட இன்குபேஷன் மையங்கள் வழியாக 10 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். கையில் தொடும் பொருளாக இருக்க வேண்டும், வெறும் செயலிக்குக் கிடைக்காது. நிறுவனம் பதிவான பிறகு, தமிழக அரசின் புத்தொழில் அமைப்பான ஸ்டார்ட்அப் டி.என். நடத்தும் டான்சீட் திட்டம். அதில் 10 லட்சம், பெண்கள் தலைமையேற்கும் நிறுவனங்கள் போன்ற சில பிரிவுகளுக்கு 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கை அரசு எடுத்துக்கொள்ளும்.

பட்டறை, சிறு தொழிற்சாலை, கடை என்று யோசிப்பவர்களுக்கு வங்கிக் கடனோடு மானியம் தரும் மாநிலத் திட்டங்கள் பொருத்தமானவை. ‘ஸ்டார்ட்அப்’ என்ற சொல்லின் பளபளப்பில் இவற்றை மறந்துவிடுகிறார்கள். வேலையில்லா இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 3.75 லட்சம். புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம். இதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்கள் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. இவை எல்லாமே மாவட்டத் தொழில் மையம் வழியாகத்தான்.

அப்பாவின் பெயரில் நகைக்கடன் வாங்கித் தொடங்கலாமா என்று கேட்பார்கள். படிக்கும் காலத்தில் கூடாது என்பேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எங்கள் நிறுவனத்தில் கல்லூரி பங்கு கேட்கிறது. கொடுக்க வேண்டுமா?

கேட்பது தவறல்ல. கல்லூரியின் பெயர், இடம், ஆசிரியர் உழைப்பு, விதைநிதி ஆகியவற்றைப் பொறுத்து 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அதே 2019 கொள்கை சொல்கிறது. அதற்கு மேல் கேட்டால் கொள்கையின் அந்தப் பக்கத்தை மரியாதையோடு எடுத்துக் காட்டுங்கள். பங்கே வேண்டாம், வாடகை கொடுத்து இடத்தை மட்டும் பயன்படுத்துகிறேன் என்று சொல்லவும் வழி இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். கல்லூரிக்கு 5, டான்சீடுக்கு 3, வழிகாட்டிய ஆசிரியருக்கு 10, ‘தொடர்புகள் இருக்கின்றன’ என்று வந்த சீனியருக்கு 10 என்று கொடுத்தால், ஒரு ரூபாய் வியாபாரத்துக்கு முன்பே 28 சதவீதம் போய்விடும். பணமோ வேலையோ போடாதவருக்குப் பங்கு கொடுக்காதீர்கள். நண்பர்கள் நால்வர் சேர்ந்து தொடங்கினால் யாருக்கு எவ்வளவு, யாராவது வேலை கிடைத்துப் போய்விட்டால் அவர் பங்கு என்னவாகும் என்பதை ஒரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கேம்பஸ் இன்டர்வியூ முடிவு வரும் வாரத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் உடைகின்றன.

நான் கண்டுபிடித்தது எனக்குச் சொந்தமா, கல்லூரிக்கா?

எதை வைத்து, எப்போது செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கல்லூரியின் நிதியையோ வசதிகளையோ கணிசமாகப் பயன்படுத்தியிருந்தால், அல்லது அது பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தால், கண்டுபிடிப்பாளரும் கல்லூரியும் கூட்டு உரிமையாளர்கள். கல்லூரி வளங்களைத் தொடாமல், பாடத்துக்கு வெளியே செய்திருந்தால் முழு உரிமையும் உங்களுடையது.

பொள்ளாச்சிப் பக்கத்து மாணவர் ஒருவர். அவர் தந்தைக்குத் தேங்காய் நார்க் கயிறு திரிக்கும் பட்டறை. இயந்திரத்தில் ஒரு பாகம் அடிக்கடி தேய்ந்து வேலை நின்றுபோகும். இவர் அந்தப் பாகத்தை வேறு வடிவத்தில் யோசித்து, விடுமுறையில் ஊர்ப் பட்டறையிலேயே முதல் மாதிரியைச் செய்தார். பிறகு அதையே இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுத்து, எங்கள் கடைசல் இயந்திரத்தில் மூன்று மாதம் மேம்படுத்தினார். முதல் மாதிரி அவருடையது, மேம்பாடு கூட்டு உரிமை. பிரித்துச் சொல்ல எங்களால் முடிந்ததற்கு ஒரே காரணம், அவர் தேதி போட்டு, படம் வரைந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்ததுதான். அந்த நோட்டு இல்லாவிட்டால் என்ன வாதம் செய்திருந்தாலும் நிற்காது.

தகராறு வந்தால் தீர்க்க, இரண்டு ஆசிரியர், முன்னாள் மாணவர் அல்லது தொழில்துறையினர் இருவர், ஒரு சட்ட வல்லுநர் என்று ஐவர் குழு அமைக்கக் கொள்கையிலேயே ஏற்பாடு உண்டு. இன்னொன்று: காப்புரிமை விண்ணப்பம் போடுவதற்கு முன் எந்தப் போட்டியிலும் முழு விவரத்தைத் திரையில் காட்டிவிடாதீர்கள். வெளியில் சொல்லிவிட்ட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைப்பது கடினம்.

நான் பி.காம். படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஆய்வுக்கூடமே இல்லை. எனக்கு என்ன கிடைக்கும்?

வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள். பல ஆயிரம் பேர் தினமும் ஒரே வாயில் வழியாக வந்து போகும் இடத்தில் இருக்கிறீர்கள். வெளியே கடை வைத்திருப்பவர் இதற்காகத்தான் அட்வான்ஸும் வாடகையும் கொடுக்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு கலைக்கல்லூரியில் மூன்று மாணவர்கள் விடுதித் துணிகளை அறை அறையாகச் சேகரித்து, ஊரிலிருந்த இரண்டு சலவைத் தொழிலாளர் குடும்பங்களிடம் கொடுத்து, அடையாளத் துணியில் எண் எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். முதலீடு: சாக்குப்பைகள், ஒரு மார்க்கர் பேனா. கல்லூரி செய்த உதவி விடுதிக் காப்பாளரின் அனுமதியும் படிக்கட்டுக்கு அடியில் ஓர் இடமும்தான். காணாமல் போன சட்டைகளுக்கு ஈடு கொடுக்கும் கணக்கை எழுதி எழுதியே அவர்கள் செலவுக் கணக்கியலைக் கற்றார்கள்.

உங்கள் துறைத் தலைவரிடம் கேளுங்கள்: கல்லூரி வெளியிலிருந்து வாங்கும் எதையாவது எங்களிடம் வாங்குவீர்களா? விழாவுக்கான நினைவுப்பரிசு, அச்சு வேலை, சிற்றுண்டி, எதுவானாலும். ஒரு கல்லூரி தன் மாணவருக்குத் தரும் மிகச் சிறந்த ஆதரவு, ரசீதோடு கூடிய முதல் ஆர்டர். விருதுக் கேடயத்தை வங்கி மேலாளர் கேட்கப்போவதில்லை. ஆர்டரையும் வரவையும் கேட்பார்.

என் மகன் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போக மாட்டேன் என்கிறான். தடுக்கலாமா?

அவனிடம் மூன்று மாத விற்பனைக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள் அம்மா. இருந்தால் ஓர் ஆண்டு கொடுங்கள். இல்லையென்றால் இன்டர்வியூவுக்குப் போகட்டும். வேலையில் இருந்துகொண்டு யோசித்தாலும் யோசனை கெட்டுப்போகாது. சில ஐ.ஐ.டி.களில் தொழில் தொடங்கும் மாணவர் பின்னர் ஓர் ஆண்டில் திரும்பி வந்து வளாக நேர்காணலில் கலந்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் மகனின் கல்லூரியிலும் அதைக் கேட்டுப் பாருங்கள். யாராவது கேட்கத் தொடங்கினால்தான் வரும்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ஏதர் மின் ஸ்கூட்டர் நிறுவனத்தைத் தொடங்கிய தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். அந்த வளாகத்தின் ஆதரவோடு 2013-இல் தொடங்கினார்கள். வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018-இல். அதே வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2017-இல் தொடங்கி, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் சோதனை ராக்கெட்டை ஏவியது. ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு. ஆறு மாதத்தில் லட்சாதிபதி என்று யாராவது மேடையில் சொன்னால் அந்தப் பேச்சைக் கேட்க உங்கள் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

நான் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி. மாலை ஆறு மணிக்கு விடுதிக் கதவு சாத்தப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஆண்கள் இரவு வரை வேலை செய்கிறார்கள். நான் என்ன செய்வது?

எனக்கு வந்த கேள்விகளிலேயே நியாயமானது இதுதான், பதில் சொல்ல நான் வெட்கப்பட்டதும் இதற்குத்தான். ஒரே கட்டணம் கட்டுகிறீர்கள், பாதி நேரம்தான் கிடைக்கிறது. இன்குபேஷன் வசதிகள் எல்லாத் துறை மாணவருக்கும் நாள் முழுவதும், வாரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று 2019 கொள்கை சொல்கிறது. ஆண் மாணவருக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். நான்கைந்து மாணவிகள் சேர்ந்து, ஓர் ஆசிரியையின் ஒப்புதலோடு, முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். பொத்தாம்பொதுவாக ‘அனுமதி வேண்டும்’ என்று எழுதினால் பொத்தாம்பொதுவாக மறுப்பார்கள். எந்த ஆய்வுக்கூடம், வாரத்தில் எந்த மூன்று நாள், இரவு எத்தனை மணி வரை, உடன் யார் இருப்பார், விடுதிக்குத் திரும்பி வர எந்த வழி, பெற்றோர் ஒப்புதல் இணைக்கப்பட்டிருக்கிறது: இப்படி எழுதுங்கள். எங்கள் கல்லூரியில் இப்படி ஒரு கடிதம் வந்தபோது செவ்வாய், வியாழன், சனி இரவு ஒன்பது மணி வரை என்று அனுமதி கிடைத்தது. காவலர் ஒருவர் கூட வந்து விடுதி வாசலில் விட்டார். கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் ஐந்து பேர். அடுத்த செமஸ்டரில் அந்தப் பதிவேட்டில் பெயர் எழுதிய மாணவிகள் முப்பதைத் தாண்டினார்கள்.